வாரிசு நுழையாத அறை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். இல்லையென்றால் மறைக்காமல் எழுது.

அப்பா போன வாரம் பின்வாசல் படியில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. டாக்டர் வந்து பார்த்தார். இந்த வயதில் ஆபரேஷன் தாங்காது, படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வலி இருக்கிறது. ஆனால் அப்பா முனகுவதில்லை. சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார்.

நீ உடனே பெட்டியைக் கட்டுவாய். கட்டாதே. மன்னர் படுத்துவிட்டால் வாரிசு அவரைப் பார்க்கக் கூடாது என்பது உனக்கும் தெரிந்ததுதான். நம் முன்னோரில் ஒரு இளவரசர், நோயில் கிடந்த தகப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து பொறுமை போய், தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திவிட்டாராம். அதற்குப் பின் வந்த மன்னர்கள் எல்லோரும் அந்தத் தலையணைக்குப் பயந்தே வாழ்ந்திருக்கிறார்கள். கட்டிலில் போட்டதும் அப்பா முதலில் சொன்னது அதைத்தான். "அவனுக்கு எழுது. வரவேண்டாம்னு எழுது." மகள்களுக்கு இந்தத் தடை இல்லை. எங்களை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கணக்கில் எடுத்திருந்தால் அல்லவா சந்தேகப்படுவதற்கு?

வீட்டில் வேறு மாற்றம் இல்லை. அரண்மனை முழுக்க நில அளவை அலுவலகம்தான். நமக்கு விட்ட வண்டிக்கொட்டகையின் சுவரில்தான் குமாஸ்தாக்கள் இன்னமும் சைக்கிளைச் சாய்க்கிறார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் யார் வந்தது என்று விசாரிக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? நீ எழுதவில்லை. அதனால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. முடியாட்சியை ஒழித்துச் சட்டம் போட்டபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். நான் வெளியே வருவதற்குள் சிம்மாசனம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. எதற்கு நான் வாரிசு? ஒழுகுகிற கொட்டகைக்கா? அதற்கு ஆசைப்பட்டு நான் தலையணையைத் தூக்குவேன் என்று பயப்படுகிறாரா?

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கிறேன் என்று அவர் நம்புகிறார். நம்பட்டும். நான் நாள் முழுக்கப் படுத்தவர்களைத்தான் பார்க்கிறேன் அக்கா. தூக்குகிறேன், திருப்புகிறேன், துடைக்கிறேன். கட்டில் கிடைக்காத ஏழைகள் வராந்தாவில் பாயில் கிடக்கிறார்கள். யார் கையையும் மிதித்துவிடாமல் தாண்டித் தாண்டி நடப்பதுதான் என் தொழில். ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்கிறேன். பெற்றவருக்குச் செய்யக் கூடாதாம்.

வார்டில் எனக்கு என்ன பட்டப்பெயர் தெரியுமா? ராஜா. யாருக்கும் ஒன்றும் தெரியாது. டீயைக் கையில் கொண்டுவந்து கொடுத்தால்தான் குடிக்கிறேனாம், அதற்காக வைத்தது. "ராஜா, ஏழாம் நம்பருக்கு பெட்பேன் வை" என்று கூப்பிடும்போது நானும் போய் வைத்துவிட்டு வருகிறேன்.

அப்பாவை ஒரே பக்கமாகப் படுக்க விடாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பு. கையைப் பிடித்து இழுக்காமல், மடித்த விரிப்பை இடுப்புக்கு அடியில் விட்டு, விரிப்பைப் பிடித்து இழு. இடுப்பும் குதிகாலும் சிவக்கிறதா என்று பார்த்து எழுது. எப்படியும் நான் வரப்போகிறேன். அவரிடம் சொல்லிவிடு.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 4

சிரஞ்சீவி இளவரசருக்கு,

நாம் சுகம். உமது சுகத்துக்கு எழுதவும்.

உமது கடிதத்தில் படிக்கத்தக்க பகுதிகளை உமது தமக்கை படித்துக் காட்டினாள். நமக்குச் சிறிது அசதி. வேறொன்றுமில்லை. அரியணையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கேட்டு யாரும் வரவுமில்லை. ஆகவே அது நம்மிடமே இருக்கிறது.

எனினும் உம்மைக் காண நமக்கும் விருப்பமே. மார்ச் முதல் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, அமர்ந்த நிலையில் உம்மைப் பார்ப்போம். நேரம் தவற வேண்டாம். நிர்வாகப் பொறுப்புகளில் கவனமாக இருக்கவும்.

ஆசிகள்.

தம்பி, அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். மூன்று மணிக்கு முன்னால் உள்ளே வந்துவிடாதே. சீக்கிரம் வந்தால் அலுவலக வாட்ச்மேன் அண்ணனிடம் பேசிக்கொண்டு வெளியே நில். அவர்தான் இப்போது எனக்குக் கைகொடுக்கிறார். - அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அங்கே எல்லோரும் நலம் என்பதை நேரிலேயே பார்த்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை.

என்ன விளையாட்டு இது? இடுப்பெலும்பு, படுத்த படுக்கை என்றெல்லாம் எழுதினாய். வழியெல்லாம் செத்துச் செத்து வந்தேன். வந்து பார்த்தால் மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வெக்கையில் கழுத்து வரைக்கும் சால்வை. நீ விசிறி வீசும் தாதி மாதிரி நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாய், வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து கிட்டே வரப் பார்த்தால், "அங்கயே இருங்க தம்பி" என்று வாட்ச்மேன் குறுக்கே வருகிறார். நில அளவை அலுவலகத்தில் சம்பளம், நம் வீட்டில் வாயில்காப்போன் உத்தியோகம்.

"நிர்வாகம் எப்படி?" என்றார். "நடக்குது" என்றேன். "பொறுப்பான வேலை" என்றார். "ஆமா" என்றேன். ஒரு மணி நேரத்தில் அப்பாவும் பிள்ளையும் பேசியது அவ்வளவுதான். மீதி நேரம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போதுகூட அவர் ஒரு கையைத் தூக்கவில்லை. 'நாம் சுகம்' என்று எழுதியிருந்தாரே, அந்த 'நாம்' யார் யார் என்று கேட்க நினைத்தேன். அவரும் கூரையிலிருக்கிற பல்லியுமா?

நீ ஏன் அக்கா இதற்கெல்லாம் உடந்தை? உனக்கு வந்த வரன்களையெல்லாம் சமமான குடும்பம் இல்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர். சமமான குடும்பம் எங்கே இருக்கிறது? அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஊராரைக் குனிய வைத்துத் தின்ற குடும்பம், இப்போது குனிய ஆளில்லாமல் சொந்த மகளைக் குனிய வைத்திருக்கிறது.

இனி அவர் விழுந்தால் எனக்கு எழுதாதே. நீ விழுந்தால் மட்டும் எழுது.

தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமா? பதில் எழுத நாளாகிவிட்டது. உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நீ வந்த அன்று காலையிலிருந்தே ஏற்பாடு நடந்தது. நானும் வாட்ச்மேன் அண்ணனும் விரிப்போடு தூக்கி அவரை நாற்காலியில் வைத்தோம். வைத்ததும் உடம்பு முன்னால் சரிந்தது. படுக்கை விரிப்பைக் கிழித்து, மார்பிலும் இடுப்பிலும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். சால்வை அதை மறைப்பதற்கு. கழுத்து நிற்கவில்லை. நான் பின்னால் நின்றது விசிறுவதற்கில்லை தம்பி. சட்டைக் காலரைப் பின்னாலிருந்து முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கவில்லை என்று எழுதியிருந்தாய். கை கட்டுக்குள் இருந்தது.

சிவந்திருக்கிறதா என்று ஜனவரியில் கேட்டிருந்தாய். அப்போதே புண்ணாகிவிட்டது. நான்தான் எழுதவில்லை. நீ கிட்டே வந்தால் நாற்றம் தெரிந்துவிடும் என்று வாட்ச்மேன் அண்ணனைக் குறுக்கே நிறுத்தியதும் அப்பாதான்.

நீ வாசலைத் தாண்டியதும் கட்டை அவிழ்க்கப் போனேன். "இரு. தெருமுனை தாண்டட்டும். திரும்பிப் பார்த்தான்னா?" என்றார். முனை திரும்பிவிட்டாய் என்று வாட்ச்மேன் அண்ணன் வந்து சொன்ன பிறகுதான் தொட விட்டார். நீ திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அண்ணன் அவரிடம் சொல்லவில்லை. கட்டிலில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டே, "இளைச்சிருக்கானோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்றைக்கு உட்கார்ந்ததில் புண் பிளந்துவிட்டது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. அவ்வளவுதான் செய்தி.

நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

நலம் விசாரிக்கிற யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை.

உட்கார முடியாத நோயாளியைப் பெரிய டாக்டர் வரும் நேரத்துக்கு உட்கார வைப்பது என் வேலை. விரிப்பால் கட்டுவேன், மேலே போர்வையால் மூடுவேன். தினமும் செய்கிறேன். அப்பாவுக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. நான் நோயாளியைப் பார்க்க வரவில்லை அக்கா. ராஜாவிடம் சண்டை போட வந்தேன். அதனால் ராஜாதான் கண்ணுக்குத் தெரிந்தார்.

இதோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. வாரிசுரிமையைத் துறக்கிறேன் என்று முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் பாஷையிலேயே எழுதினேன், 'நாம்' என்று. கெட்டித்தாள் கேட்டதற்குக் கடைக்காரர், "என்னப்பா, கல்யாணமா?" என்றார். இல்லாத ஒன்றை விடுவதற்கு என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது.

வாரிசு பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே? இனி நான் வாரிசு இல்லை. அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னதும் எழுது. வந்து என் கையால் அவரைத் தூக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

இது கிடைக்கும்போது நீ சுகமாக இருக்க வேண்டும். சுகமாக இருந்தால்தான் பயணம் செய்ய முடியும்.

உன் தாளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நீயும் நானும் ஒன்றை மறந்துவிட்டோம். மறந்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது, யாரும் நினைத்தே பார்த்ததில்லை. ஆண் வாரிசு விலகினால் அடுத்தது மூத்த மகள். நம் வம்சத்தில் எந்த ஆணும் விலகியதில்லை. அதனால் அந்த விதி எங்கேயோ தூசி பிடித்துக் கிடந்தது. அவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"சரி. அவன் இஷ்டம். அப்படின்னா நீங்கதான்" என்றார். பிறந்ததிலிருந்து என்னிடம் நீ, வா, போதான். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. "நீங்க இங்க இருக்கக் கூடாது. வெளிய போங்க."

நான் போகவில்லை. புண் துடைக்கிற நேரம். வெந்நீரோடு கிட்டே போனதும் முழங்கையை ஊன்றினார். வாரிசு முன்னால் படுத்திருக்கக் கூடாதாம், எழுந்து உட்காரப் பார்த்தார். பாதியில் சரிந்து கட்டில் சட்டத்தில் தலை இடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாயங்காலமும் அதேதான். மறுநாள் நான் அடுத்த அறையில் இருமினேன். அதற்கும் ஊன்றினார். இப்போது வாட்ச்மேன் அண்ணன்தான் துடைக்கிறார். தன் வேலையை விட்டுவிட்டு அவர் எத்தனை நாள் செய்வார்?

நீ வா. நீ இப்போது யாரும் இல்லை, தாராளமாக உள்ளே போகலாம். உன் அறைச் சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா. நான் அங்கே போகிறேன். வேறு எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு வேறு யாரையும் தெரியாது. நம் ரயில்கள் வழியில் எங்காவது எதிரெதிராகப் போகும்.

பட்டத்துக்கு வந்த அன்றைக்கே நாடு கடத்தப்பட்டது நம் வம்சத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கஞ்சியை ஆற வைத்துக் கொடு. சூடாகக் கொடுத்தால் சொல்லாமல் விழுங்கிவிடுவார்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

அறை பிடித்திருக்கிறதா? தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும், பிடித்து வைத்துக்கொள். தோள்வலிக்கு வார்டு சிஸ்டரிடம் கேள், என் பெயரைச் சொன்னால் மருந்து தருவார்.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். "வந்துட்டியா? தண்ணி குடு" என்றார். அவ்வளவுதான். 'இளவரசர்' என்றும் இல்லை, 'உமது' என்றும் இல்லை. தூக்கினேன். இவ்வளவுதானா என்று இருந்தது. வார்டில் இதைவிடக் கனமான குழந்தைகளைத் தூக்கியிருக்கிறேன்.

புண்ணைக் கழுவிப் பஞ்சு வைத்து, பக்கவாட்டில் தலையணை கொடுத்துப் படுக்க வைத்தேன். நான் தலையணையை எடுத்தபோது அவர் என்னையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது என்று நினைக்கிறேன், உதடு கொஞ்சம் கோணியது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

"ஆஸ்பத்திரியிலதான்."

யோசித்துவிட்டு, "நிர்வாகத்துல இதெல்லாமும் பார்க்கணுமா?" என்று கேட்டார். பார்க்கணும் என்றேன். "பொறுப்பான வேலைதான்" என்றார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளக் காரில் வருவார்களே பெரியமனிதர்கள், அவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. படுத்த ராஜா போட்டோவுக்கு ஆகமாட்டார் போலிருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் ஷிப்ட் முடிந்ததும் வந்து சைக்கிள்காரர்கள் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்.

நீ சாப்பிடாமல் இருந்துவிடாதே.

தம்பி


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். தோள்வலிகூட விட்டுவிட்டது. தூக்குவதற்கு ஒன்றும் இல்லை அல்லவா?

உன் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், இரண்டு முறை தொட்டும் பார்த்தேன். மாடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் நம் கதவைத் தாண்டித்தான் போகிறார்கள். காலடி வரும், போகும். ஒன்றும் இங்கே நிற்காது. வீட்டுக்கார அம்மா, நீங்க என்ன பண்றீங்க என்று கேட்டார். அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சும்மாதான் இருக்கேன் என்றேன்.

உன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அடுத்த நாளும் போனேன். நீங்க யாரோட ஆளு என்று வார்டு சிஸ்டர் கேட்டார். ராஜாவோட அக்கா என்றேன். "அப்ப நீங்க மகாராணியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிட்டு இவ்வளவு நிம்மதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

தூங்குகிறேன். ஆனால் திருப்பிப் படுக்க வைக்கிற நேரத்துக்கெல்லாம் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடி படுக்கிறேன்.

அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று நீ எழுதவில்லை. நல்லதுதான்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


ஜூன் 1

அக்கா,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். உதட்டை நனைத்தால் போதும் என்கிறார் டாக்டர். ஒரு வாரம் தாண்டாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் தெரிகிறது, எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

நேற்றிலிருந்து உன்னைக் கேட்கிறார். "அவ எங்க?" என்கிறார். அவங்க இல்லை அக்கா, அவ. நான்தாம்பா இருக்கேன் என்றேன். "நீ நல்லாத்தான் பண்ற. அவ கை வேற" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், அவ எங்க.

அரியணை, வழக்கம், நான் எழுதிக் கொடுத்தது எதுவும் இப்போது அவர் நினைவில் இல்லை. பாதி நேரம் என்னை வாட்ச்மேன் என்று நினைத்துப் பேசுகிறார். அந்தத் தாளை நான் அனுப்பியிருக்கக் கூடாது. நீ கட்டிக் காத்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். இதைப் படித்ததும் ரயில் ஏறு. இனி உன்னை யாரும் தடுக்க முடியாது. வாசல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

தம்பி


ஜூன் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கையெழுத்திலேயே தெரிகிறது. சாப்பிடு. இப்போது நீ படுக்கக் கூடாது.

படித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் வரிசையில் நின்றேன். ஜன்னலில் இருந்தவர், "எங்க போகணும்?" என்று கேட்டார். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அவர் எல்லாவற்றையும் மறந்திருக்கலாம். நான் வந்து அப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நினைவு வந்துவிடும். அவரோடு இருந்தவள் நான். மற்றதெல்லாம் அவரை விட்டுப் போகும், அந்த வழக்கம் மட்டும் போகாது. முழங்கையை ஊன்றுவார். நீ பிடித்தாலும் ஊன்றுவார். அந்தத் தலை சட்டத்தில் இடித்த சத்தத்தை நீ கேட்டதில்லை. நான் வந்தால் அவர் உட்கார்ந்தாக வேண்டும் தம்பி. அவர் படுத்திருக்கட்டும்.

நீ என்மேல் கோபப்படுவாய். படு. ஆனால் அவர் பக்கத்தை விட்டு நகராதே.

அவர் கேட்டால், அக்கா கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவான்னு சொல்லு. எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்காம அதையே சொல்லு. ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டார்னா, கடையில கூட்டமா இருக்கும்னு சொல்லு.

அக்கா